எலிக்குக் குணமானது எனக்குக் குணமாகுமா? – மருந்து ஆராய்ச்சி: வாசகர் கேள்வி, பதில்

புதிய மருந்துகள் பற்றி வந்த கடிதங்களில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றை மட்டும் எடுத்திருக்கிறோம். ரத்தப் பரிசோதனை முடிவுகளை அனுப்பி மருந்து எழுதித் தரச் சொன்னவர்கள் பொறுத்தருள வேண்டும். நோயாளியை நேரில் பார்க்காமல் அதைச் செய்யக் கூடாது.

வாசகர், ஈரோடு: மஞ்சளில் இருக்கும் குர்குமின் புற்றுநோய்ச் செல்களைக் கொல்கிறது என்று ஆய்வுக் கட்டுரையே வாட்ஸ்அப்பில் வருகிறது. பிறகு ஏன் மருந்தாக வரவில்லை? கம்பெனிகளின் சதியா?

கட்டுரை உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஆய்வகத் தட்டில் வளரும் செல்லைக் கொல்வது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பினாயிலை ஊற்றினாலும் சாகும். நோயாளி தாங்கக்கூடிய அளவில் கொடுத்து, அது ரத்தத்தில் கலந்து, கட்டி இருக்கும் இடம் வரை போய் வேலை செய்கிறதா என்பதுதான் விஷயம்.

குர்குமின் அங்கேதான் சறுக்குகிறது. கிராம் கணக்கில் விழுங்கினாலும் ரத்தத்தில் சேர்வது மிகச் சொற்பம். நம் ரத்தத்தின் காரத்தன்மைக்குச் சமமான கரைசலில் வைத்தால் சில நிமிடங்களிலேயே பாதி சிதைந்துவிடும். இன்னொரு தொல்லை, அது தானாகவே ஒளிரும். கண்ட புரதத்திலெல்லாம் ஒட்டிக்கொள்ளும். ஒளியை அளந்து முடிவு சொல்லும் ஆய்வகச் சோதனைகளில் அதனாலேயே 'வேலை செய்கிறது' என்று பொய்யான விடை வரும். 2017இல் மருந்து வேதியியலாளர்கள் சிலர் அதுவரை நடந்ததையெல்லாம் அலசினார்கள். 120க்கும் மேற்பட்ட மனிதப் பரிசோதனைகள் நடந்திருந்தன. யாருக்கு மருந்து, யாருக்கு வெற்று மாத்திரை என்று இரு தரப்புக்கும் தெரியாமல் நடத்திய முறையான சோதனை ஒன்றில்கூட குர்குமின் தேறவில்லை.

சதி என்று சொல்வதற்கு முன்னால் நித்தியகல்யாணியை நினைத்துக்கொள்ளுங்கள். நம் வீட்டு வேலியோரம் பூக்கும் அந்தச் செடியிலிருந்துதான் வின்கிரிஸ்டினும் வின்பிளாஸ்டினும் வந்தன. ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் கொடுக்கிறார்கள். செடியிலிருந்து வந்தது என்பதற்காக யாரும் எதையும் ஒதுக்கிவிடவில்லை.

கடைகளில் 'மிளகுச் சத்து சேர்த்த குர்குமின்' என்று விற்கும் கேப்சூல்களில் மட்டும் கவனம் தேவை. 2 கிராம் குர்குமினோடு 20 மி.கி. பைப்பரின் சேர்த்தால் ரத்தத்தில் சேரும் அளவு 20 மடங்கு கூடுகிறது என்று பெங்களூரு ஆய்வொன்று 1998இல் காட்டியது. அந்தச் சேர்க்கைக்கு அதுதான் ஆதாரம். ஆனால் பைப்பரின் இதை எப்படிச் செய்கிறது? வேண்டாததை மாற்றி வெளியேற்றும் ஈரல் நொதிகளின் கையைக் கட்டிப்போடுகிறது. அதே நொதிகளை நம்பியிருக்கும் வலிப்பு மாத்திரை ஃபெனிடாய்ன் போன்றவையும் ரத்தத்தில் ஏறிவிடும். இந்த வகைக் கேப்சூல்களால் ஈரல் வீங்கியவர்களின் விவரங்கள் அமெரிக்க மருத்துவ இதழ்களில் வந்திருக்கின்றன. குழம்பில் போடும் மஞ்சளுக்கும் மிளகுக்கும் இந்தப் பயம் வேண்டாம்.

வாசகி, மதுரை: அம்மாவுக்கு 58 வயது. சர்க்கரை உண்டு, எடையும் அதிகம். வாரம் ஒருமுறை போடும் செமாகுளுடைட் ஊசி பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். விலையும் இறங்குகிறது என்கிறார்கள். ஆரம்பித்தால் ஆயுள் முழுக்கப் போட வேண்டுமா?

விலை இறங்கக் காரணம், இந்தியாவில் இதன் காப்புரிமைக் காலம் 2026 மார்ச் வரைதான். அதன் பிறகு உள்நாட்டுக் கம்பெனிகளும் தயாரிக்கலாம்.

சாப்பிட்டவுடன் நம் குடல் ஜி.எல்.பி.-1 என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அது கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டும், இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும், மூளைக்குப் 'போதும்' என்று சொல்லும். ஆனால் அதன் ஆயுள் இரண்டே நிமிடம். ஒரு நொதி வந்து வெட்டிவிடும். அமெரிக்கப் பாலைவனத்தில் வாழும் கிலா மான்ஸ்டர் என்ற நச்சுப் பல்லியின் நச்சில் இதைப் போன்ற, ஆனால் எளிதில் வெட்டுப்படாத ஒரு பொருளை ஜான் எங் 1992இல் கண்டுபிடித்தார். அதிலிருந்து வந்த எக்சனடைட் 2005இல் அனுமதி பெற்றது. தினம் இரண்டு ஊசி. செமாகுளுடைட்டில் மனித ஹார்மோனையே எடுத்து, நொதி கடிக்கும் இடத்தில் ஒரு அமினோ அமிலத்தை மாற்றி, கூடவே ஒரு கொழுப்பு வாலையும் ஒட்டவைத்தார்கள். அந்த வால் ரத்தத்தில் உள்ள ஆல்புமினைப் பிடித்துக்கொண்டு தொங்கும். அதனால்தான் வாரம் ஒரு ஊசி போதும்.

விளம்பரங்களில் வரும் '15% எடை குறையும்' என்ற எண் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 1,961 பேரிடம் 68 வாரம் நடந்த சோதனை. மருந்து போட்டவர்களுக்குச் சராசரியாக 14.9%, வெற்று ஊசி போட்டவர்களுக்கு 2.4%. ஆனால் அவர்களில் யாருக்கும் சர்க்கரை நோய் கிடையாது. சர்க்கரை நோயாளிகளிடம் தனியாக நடத்திய சோதனையில் அதே அளவு மருந்துக்குக் குறைந்தது 9.6% தான். உங்கள் அம்மாவுக்கு இந்த இரண்டாவது எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் 'எனக்கு மட்டும் வேலை செய்யவில்லை' என்று மனம் விட்டுப்போவார்.

ஆயுள் முழுக்கவா? நிறுத்தியவர்களைத் தொடர்ந்து கவனித்ததில் ஒரு வருடத்துக்குள் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. ஆக, பிரஷர் மாத்திரை போலத்தான். மூன்று மாதக் 'கோர்ஸ்' என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

முதல் நான்கு வாரம் 0.25 மி.கி. அது சிகிச்சை அளவே இல்லை, வயிற்றைப் பழக்குவதற்கு. பிறகு 0.5, தேவைப்பட்டால் 1. எடை குறையவில்லையே என்று அவசரப்பட்டு இரண்டு படி தாண்டுபவர்கள்தான் வாந்தியோடு ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். வாந்தியில் நீர்ச்சத்து வற்றினால் சிறுநீரகம் பாதிக்கப்படும். பாதித் தட்டில் நிறுத்திக்கொள்வதும், பஜ்ஜி, பரோட்டா வகையைத் தள்ளிவைப்பதும் குமட்டலைக் குறைக்கும்.

டாக்டரிடம் போகும்போது அம்மா சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் கையில் எடுத்துப் போங்கள். கிளிமிபிரைடு வகையோ இன்சுலினோ இருந்தால் அதன் அளவைக் குறைக்க வேண்டிவரும். மறந்தால் தாழ்சர்க்கரை வந்து மயக்கம் போடும். விழித்திரையை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். நாள்பட்ட சர்க்கரை சட்டென்று இறங்கும்போது, ஏற்கெனவே பழுதுபட்ட விழித்திரை மோசமாகலாம். குடும்பத்தில் யாருக்காவது தைராய்டில் மெடுல்லரி வகைப் புற்றுநோய் இருந்திருந்தால் இந்த மருந்து கூடாது. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தால் மயக்க மருந்து நிபுணரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். இரவெல்லாம் பட்டினி இருந்தாலும் இரைப்பையில் உணவு தங்கியிருக்கும். மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போனால் ஆபத்து.

திறக்காத ஊசிப் பேனாவை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். ஃப்ரீசர் பெட்டிக்கு அடியில் இருக்கும் தட்டில் வைக்காதீர்கள், உறைந்துவிடும். ஒருமுறை உறைந்தது உருகினாலும் குப்பைதான். ஊசி முனையைப் பேனாவிலேயே மாட்டி வைத்தால் மருந்து கசியும், காற்று புகும், அடுத்த முறை அளவு குறையும். சர்க்கரைக்கான ஊசி ஒரு வாரம் தவறிப்போனால், ஐந்து நாளுக்குள் ஞாபகம் வந்தால் போடலாம். அதற்கு மேல் ஆனால் விட்டுவிட்டு வழக்கமான கிழமையில் போட வேண்டும்.

வாசகர், காரைக்குடி: அதே மருந்து மாத்திரையாக வருகிறதே, காலைக் காபியோடு போடலாமா?

கூடாது. வெறும் வயிற்றில், அரை டம்ளர் தண்ணீர், அதாவது 120 மி.லி.க்கு மேல் போகாமல். பிறகு முப்பது நிமிடம் காபி, டிபன், வேறு மாத்திரை எதுவும் கிடையாது. இவ்வளவு ஒழுங்காகச் செய்தாலும் உள்ளே போவது சுமார் 1% தான். மாத்திரையில் சேர்த்திருக்கும் ஒரு துணைப்பொருள் இரைப்பையின் சுவரில் மாத்திரை ஒட்டும் இடத்தில் மட்டும் அமிலத்தைத் தணித்து, மருந்தை உள்ளே நுழையவைக்கிறது. தண்ணீர் அதிகமானால் அது கரைந்து கலைந்துவிடும். தைராய்டு மாத்திரையும் வெறும் வயிற்றுக்குத்தான் என்பதால் இரண்டும் சாப்பிடுபவர்கள் எதை எப்போது என்று டாக்டரிடம் கேட்டு நேரத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

வாசகி, செங்கல்பட்டு: அண்ணனுக்கு மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய். முன்பெல்லாம் ஒன்றரை வருடம், தினம் ஊசி என்பார்கள். இப்போது ஆறு மாத மாத்திரை போதும் என்கிறார்கள். நம்பலாமா?

நம்பலாம். பெடாகுலின், பிரிட்டோமனிட், லினசோலிட், மாக்சிஃபிளாக்சசின் என்ற நான்கும் சேர்ந்த கூட்டு இது. உஸ்பெகிஸ்தான், பெலாரஸ், தென்னாப்பிரிக்காவில் நடந்த சோதனையில் இந்த ஆறு மாதக் கூட்டில் 100க்கு 89 பேருக்கு நல்ல முடிவு கிடைத்தது. பழைய நீண்ட சிகிச்சையில் 52 பேருக்குத்தான். இந்திய அரசு 2024 செப்டம்பரில் இதை ஏற்றுக்கொண்டது. 14 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தருகிறார்கள், கர்ப்பிணிகளுக்குத் தருவதில்லை. கிருமி மாக்சிஃபிளாக்சசினுக்கும் கட்டுப்படாவிட்டால் அதை விட்டுவிட்டு மற்ற மூன்றையும் கொடுப்பார்கள். ஆகவே சளிப் பரிசோதனை முடிவு வரும்போது எந்தெந்த மருந்துக்கு எதிர்ப்பு இருக்கிறது என்பதைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பெடாகுலினில்தான் வீட்டில் தவறு நடக்கும். முதல் இரண்டு வாரம் தினம் 400 மி.கி. அதன் பிறகு 200 மி.கி., வாரத்தில் மூன்று நாள் மட்டும், இடையில் குறைந்தது 48 மணி நேரம். திங்கள், புதன், வெள்ளி என்று வைத்துக்கொள்வது எளிது. தினம் போடுவதே நல்லது என்று சிலர் தாங்களாகவே தொடர்ந்துவிடுவார்கள். உடலில் பாதி அளவு கழிந்து போக ஐந்து மாதத்துக்கு மேல் ஆகும் மருந்து இது. தேவையில்லாமல் சேரச் சேர இதயத் துடிப்பின் மின்னோட்டம் கெடும். சில மையங்களில் தினசரி அளவுத் திட்டமும் உண்டு. அண்ணனின் சீட்டில் எது இருக்கிறதோ அதுவே கணக்கு. வெறும் வயிற்றில் போட்டால் பாதிதான் உள்ளே போகும், சாப்பாட்டோடு போட வேண்டும். இ.சி.ஜி.யைத் தள்ளிப்போடாதீர்கள். குமட்டலுக்கு டோம்பெரிடோன், ஆன்டன்செட்ரான், சளிக்கு அசித்ரோமைசின் என்று மெடிக்கலில் தாங்களாக வாங்கிப் போடக் கூடாது. அவையும் அதே மின்னோட்டத்தைத்தான் தொடும்.

லினசோலிட்டின் கதை, அளவு என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று காட்டும். முதலில் தென்னாப்பிரிக்காவில் பெடாகுலின், பிரிட்டோமனிடோடு தினம் 1,200 மி.கி. கொடுத்துச் சோதித்தார்கள். பெரும்பாலோருக்குக் குணமானது. ஆனால் 81% பேருக்குக் கை கால் நரம்பு பாதிப்பு, 48% பேருக்கு எலும்பு மஜ்ஜை மந்தம். அடுத்த சோதனையில் அளவைப் பாதியாக, 600 மி.கி.க்கு இறக்கிப் பார்த்தார்கள். நரம்பு பாதிப்பு 24% ஆக இறங்கியது, குணமானவர்கள் 91%. இப்போது தருவது இந்த 600 தான். அப்படியும் பாதம் எரிந்தாலோ, மரத்தாலோ, சிவப்பும் பச்சையும் மங்கித் தெரிந்தாலோ அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் அன்றே போய்ச் சொல்ல வேண்டும். கண் நரம்பு ஒருமுறை கெட்டால் திரும்புவது உறுதியில்லை. மூக்கடைப்பு மாத்திரைகளும் சில மனச்சோர்வு மாத்திரைகளும் லினசோலிட்டோடு மோதும். மாக்சிஃபிளாக்சசினோடு ஜெலுசில் வகையையும் இரும்பு, துத்தநாகச் சத்து மாத்திரையையும் சேர்க்காதீர்கள். மருந்தைப் போட்டு நான்கு மணி நேரம் கழித்து அவற்றைப் போடலாம். குடி கூடவே கூடாது, பிரிட்டோமனிட் ஈரலைப் பதம் பார்க்கும்.

இந்த மருந்துகள் அரசு மையத்தில் இலவசம். மாதம் 1,000 ரூபாய் ஊட்டச்சத்து உதவியும் வங்கிக் கணக்குக்கு வரும். அண்ணனின் பெயர் அரசின் காசநோய்ப் பதிவுத் தளமான நிக்ஷயில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

இலவசமாகக் கொடுக்க முடிவதற்குப் பின்னால் ஒரு வழக்கும் இருக்கிறது. பெடாகுலினின் காப்புரிமையை, அதன் உப்பு வடிவத்தைக் காட்டி நீட்டிக்க ஜான்சன் அண்ட் ஜான்சன் கேட்டது. காசநோய் ஊசியால் காது கேளாமல் போன மும்பையின் நந்திதா வெங்கடேசனும் தென்னாப்பிரிக்காவின் புமேசா டிசிலேயும் எதிர்த்து மனு கொடுத்தார்கள். 2023 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் நீட்டிப்பை மறுத்தது. வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டுக் காசநோயைக் குணப்படுத்தலாம் என்று உலகத்துக்கு நிரூபித்ததும் நம் ஊர்தான். 1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு, சானடோரியத்தில் படுத்தவர்களுக்கும் குடிசையில் இருந்து மருந்து சாப்பிட்டவர்களுக்கும் ஒரே பலன் என்று காட்டியது.

வாசகர், கூடலூர், நீலகிரி: எங்கள் பகுதிப் பழங்குடி மக்களிடம் சிக்கில் செல் நோய் இருக்கிறது. மரபணுவை வெட்டிச் சரிசெய்யும் சிகிச்சை வந்துவிட்டதாகப் படித்தேன். இங்கே எப்போது வரும்?

ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து, ரத்தக் குழாயை அடைத்து வலி தரும் பரம்பரை நோய் இது. இந்தியாவில் இந்த நோய்க்கூறு முதன்முதலில் பதிவானதே நீலகிரிப் பழங்குடிகளிடம்தான், 1952இல்.

நீங்கள் படித்தது கேஸ்ஜெவி. பிரிட்டன் 2023 நவம்பரிலும் அமெரிக்கா டிசம்பரிலும் 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அனுமதித்தன. கோளாறான மரபணுவை அது தொடுவதே இல்லை. கருவில் இருக்கும்போது நமக்கு வேறொரு ஹீமோகுளோபின் ஓடுகிறது. பிறந்த பிறகு பி.சி.எல்.11ஏ என்ற மரபணு அதை அணைத்துவிடுகிறது. இந்த நோயுள்ள குழந்தைகளுக்கு முதல் சில மாதங்கள் தொந்தரவே இருக்காது, அந்தக் கரு ஹீமோகுளோபின் இன்னும் ஓடுவதால்தான். அணைக்கும் மரபணுவைக் கிரிஸ்பர் கத்திரியால் ரத்தச் செல்களில் மட்டும் முடக்கினால் பழைய ஹீமோகுளோபின் மீண்டும் ஊறும்.

சொல்லும்போது சுலபம். செய்முறை அப்படியில்லை. பிளெரிக்சஃபோர் ஊசி போட்டு மஜ்ஜையில் இருக்கும், ரத்த அணுக்களை உருவாக்கும் ஸ்டெம் செல்களை ரத்தத்துக்கு இறக்குவார்கள். மற்ற நோயாளிகளுக்கு இதற்காகப் போடும் ஜி-சி.எஸ்.எஃப். ஊசி சிக்கில் செல் உள்ளவர்களுக்கு உயிராபத்து, ஆகவே இது ஒன்றை மட்டுமே நம்ப வேண்டும். பலருக்கு ஒருமுறை எடுத்தது போதாமல் மறுபடி எடுப்பார்கள். செல்களைத் தொழிற்கூடத்துக்கு அனுப்பி, மின்னதிர்ச்சியில் சவ்வைத் திறந்து கத்திரியை உள்ளே விட்டு, சோதித்துத் திருப்பி அனுப்ப ஆறு மாதம் வரை ஆகலாம். பிறகு புசல்ஃபான் என்ற கீமோ மருந்தால் பழைய மஜ்ஜையை முழுக்க அழிக்க வேண்டும். வாய்ப்புண், முடி உதிர்வு, தொற்று, பல வாரம் தனி அறை, பிள்ளைப்பேற்றுக்கே தடை வரும் வாய்ப்பு எல்லாம் இந்தக் கட்டத்தில் வருபவை, கிரிஸ்பரால் அல்ல. அமெரிக்காவில் விலை 22 லட்சம் டாலர். பலனைக் குறை சொல்ல முடியாது: ஆராய்ந்த 30 பேரில் 29 பேருக்குக் குறைந்தது ஒரு வருடம் கடும் வலித்தாக்குதலே வரவில்லை.

இங்கே எப்போது என்று தேதி சொல்வது ஜோசியம். மஜ்ஜையை அழிக்கத் தேவையில்லாத முறை ஒன்று வரும்வரை மலைக்கிராமத்துக்கு இது எட்டாது என்பதே எங்கள் கணிப்பு. இன்றைக்குக் கையில் இருப்பது ஹைட்ராக்சியூரியா. விலை குறைவு, அதுவும் கரு ஹீமோகுளோபினைத்தான் கூட்டுகிறது. எடைக்கேற்ற அளவில் தினமும் போட வேண்டும். ரத்த அணுக்களின் எண்ணிக்கையைக் குறிப்பிட்ட இடைவெளியில் பார்க்க வேண்டும். பலன் தெரியச் சில மாதங்கள் பிடிக்கும். 'வலி இல்லையே' என்று பலர் நிறுத்திவிடுவதுதான் பெரிய சிக்கல். மாத்திரை வேலை செய்வதால்தான் வலி இல்லை. கர்ப்பத்துக்கு முயலும்போது டாக்டரிடம் சொல்லி நிறுத்த வேண்டும். 40 வயது வரை உள்ளவர்களுக்கு இலவசப் பரிசோதனை செய்யும் தேசியத் திட்டம் 2023 ஜூலையில் தொடங்கியது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கையும். சிக்கில் செல் நோய்க்கான வாக்ஸெலோட்டார் என்ற மாத்திரைக்கு 2019இல் அமெரிக்கா துரித அனுமதி கொடுத்தது, ஹீமோகுளோபின் அளவை ஏற்றுகிறது என்ற ஆதாரத்தின் பேரில். 2024 செப்டம்பரில் ஃபைசர் கம்பெனியே உலகம் முழுவதும் அதைத் திரும்பப் பெற்றது. மருந்து சாப்பிட்டவர்களிடையே வலித்தாக்குதலும் மரணமும் கூடுதலாக இருக்கின்றன என்ற தரவு வந்ததால். ரிப்போர்ட்டில் எண் ஏறுவதும் நோயாளி நன்றாக இருப்பதும் ஒன்றல்ல.

வாசகர், ஆம்பூர்: வேலூரில் ஹீமோபீலியாவுக்கு மரபணு சிகிச்சை வெற்றி என்றார்களே, என்ன அது?

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நடந்தது. முடிவுகள் 2024 டிசம்பரில் வெளியாயின. கடுமையான ஹீமோபீலியா-ஏ உள்ள ஐந்து பேர். ரத்தம் உறையத் தேவையான எட்டாம் காரணிக்கான மரபணுவை, லென்டிவைரஸ் வழியாக அவர்களுடைய ஸ்டெம் செல்களிலேயே ஏற்றித் திருப்பிச் செலுத்தினார்கள். அதன் பிறகு ஐவருக்கும் ரத்தக்கசிவு இல்லை. மேலை நாடுகளில் வந்திருக்கும் சிகிச்சை வேறொரு வைரஸை நேராக ஈரலுக்கு அனுப்புவது. அந்த வைரஸுக்கு ஏற்கெனவே எதிர்ப்புச் சக்தி உள்ளவர்களுக்குப் பயன்படாது, பலனும் ஆண்டுக்கு ஆண்டு தேயும். வேலூர் முறையில் இந்த இரண்டும் தவிர்க்கப்படலாம், ஆனால் இங்கும் மஜ்ஜையை அழிக்கும் கட்டம் உண்டு. ஐந்து பேர் என்பது தொடக்கம்தான்.

மாணவி, கோயம்புத்தூர்: இனி செயற்கை நுண்ணறிவே மருந்து கண்டுபிடித்துவிடும், வேதியியல் படிப்பது வீண் என்கிறார்கள். உண்மையா?

புரதத்தின் வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு என்ற செயற்கை நுண்ணறிவை உருவாக்கியவர்களுக்கு 2024 வேதியியல் நோபல் கிடைத்தது தகுதியானதுதான். புரதம் ஒன்றின் வடிவத்தைக் கண்டறிய முன்பு மாதக்கணக்கிலும் வருடக்கணக்கிலும் படிகம் வளர்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது 20 கோடிக்கும் மேற்பட்ட புரதங்களின் கணிப்பு வடிவங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் மருந்துகள் பெரும்பாலும் தோற்பது வடிவம் தெரியாததால் அல்ல. மனிதருக்குக் கொடுத்த பிறகு தோற்கின்றன: பலன் இல்லை, அல்லது ஈரலோ இதயமோ கெடுகிறது. முதல் கட்ட மனிதப் பரிசோதனைக்கு வரும் பத்து மருந்தில் ஒன்றுதான் கடைக்கு வருகிறது.

செயற்கை நுண்ணறிவு தந்த மருந்துகளில் இதுவரை முன்னே போயிருப்பவற்றில் ஒன்று ரென்டோசெர்டிப். நுரையீரல் தழும்பு நோய்க்கானது. எந்தப் புரதத்தைத் தாக்குவது என்பதையும், எந்த மூலக்கூறால் என்பதையும் கணினியே பரிந்துரைத்தது. சீனாவில் 71 பேரிடம் 12 வாரம் சோதித்து 2025இல் வெளியிட்டார்கள். தினம் 60 மி.கி. எடுத்தவர்களின் நுரையீரல் கொள்ளளவு சராசரியாக 98.4 மி.லி. கூடியது, வெற்று மாத்திரைக்காரர்களுக்கு 20.3 மி.லி. குறைந்தது. நல்ல செய்தி. ஆனால் அந்த 60 மி.கி. குழுவில் இருந்தவர்கள் 18 பேர். சோதனையின் முதல் நோக்கமும் பாதுகாப்பைப் பார்ப்பதுதான். பெரிய சோதனை வரட்டும்.

கணினி பரிந்துரைக்கும் மூலக்கூறை யாராவது குடுவையில் சமைத்தாக வேண்டும். பாதி பரிந்துரைகளைப் பார்த்தவுடனேயே 'இது நிலைக்காது, இது தண்ணீரில் கரையாது' என்று சொல்லத் தெரிந்தவர்களுக்குத்தான் இப்போது கிராக்கி. வேதியியலை விடாதீர்கள், கூடவே புள்ளியியலும் பைத்தான் என்ற கணினி நிரல்மொழியும் படியுங்கள்.

வாசகர், நாகர்கோவில்: அப்பாவுக்கு 76 வயது, அல்சைமர் ஆரம்ப நிலை. லெகனெமாப் ஊசி நோயை 27% குறைக்கிறதாம். கடன் வாங்கியாவது போடலாமா?

27% என்பது 18 மாதத்தில் நோய் மோசமாகும் வேகத்தில் வந்த வித்தியாசம். நோய் குறைவதில்லை, போன ஞாபகம் திரும்புவதும் இல்லை. சோதனையில் 18 புள்ளி கொண்ட அளவுகோலில் இரு குழுக்களுக்கும் இருந்த இடைவெளி 0.45 புள்ளி. வீட்டில் இருப்பவர்கள் கவனித்து உணரும் அளவா என்பதில் நரம்பியல் நிபுணர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரியில் நரம்பு வழியாக ஏற்ற வேண்டும். மூளையில் வீக்கமோ நுண்கசிவோ வரலாம் என்பதால் தொடங்கும் முன்பும், தொடங்கிய பின் முதல் சில மாதங்களில் பலமுறையும் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். ஏ.பி.ஓ.இ.-4 மரபணு இரண்டு பிரதி இருப்பவர்களுக்கு இந்த ஆபத்து மிக அதிகம், அதனால் மரபணுச் சோதனையை முதலில் கேளுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவராக இருந்தால் இன்னும் எச்சரிக்கை தேவை. கேட்டதால் சொல்கிறோம்: கடன் வாங்கிப் போடாதீர்கள். அந்தப் பணத்தில் காது கேட்கும் கருவி, பிரஷர், சர்க்கரைக் கட்டுப்பாடு, பகலில் கூட இருக்க ஒரு ஆள் என்று பார்த்தால் அப்பாவுக்கும் நல்லது, அம்மாவுக்கும் நல்லது.

வாசகர், திருச்சி: ஜெனரிக் மாத்திரையில் மருந்து 20% வரை குறைவாக இருக்கலாம் என்று சட்டமே அனுமதிக்கிறதாமே?

இல்லை. மாத்திரைக்குள் இருக்கும் மருந்தின் அளவைப் பற்றியதே இல்லை அந்த எண். ஜெனரிக்கையும் (காப்புரிமை முடிந்த பின் மற்றக் கம்பெனிகள் தயாரிக்கும் அதே மருந்து) மூல மருந்தையும் அதே ஆட்களுக்கு மாற்றி மாற்றிக் கொடுத்து, ரத்தத்தில் ஏறும் அளவை ஒப்பிடுவார்கள். அந்த விகிதத்தின் சராசரி மட்டுமல்ல, அதன் 90% நம்பக எல்லையின் (உண்மையான விகிதம் இருக்கக்கூடிய வீச்சு) இரு முனையுமே 80%க்கும் 125%க்கும் நடுவில் விழ வேண்டும். சராசரியே 20% தள்ளியிருந்தால் ஒரு முனை வெளியே போய்விடும், தேறாது. அமெரிக்காவில் 2,070 ஒப்பீடுகளைத் திரட்டிப் பார்த்ததில் சராசரி வித்தியாசம் சுமார் 3.5% தான்.

ஃபெனிடாய்ன், வார்ஃபரின், தைராய்டு மாத்திரை, டாக்ரோலிமஸ் போன்றவற்றில் சிறு மாற்றமும் உறுத்தும். அவற்றில் ஜெனரிக் கூடாது என்பதில்லை. எதை எடுத்தாலும் அதே கம்பெனியைத் தொடருங்கள். மாற்றினால் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

வாசகி, தஞ்சாவூர்: மகனுக்கு 24 வயது, குடல் நோய். புதிய மருந்துச் சோதனையில் சேர்த்துக்கொள்ளலாமா என்று ஆஸ்பத்திரியில் கேட்கிறார்கள். கையெழுத்துப் போடும் முன் என்ன பார்க்க வேண்டும்?

முதலில், கையெழுத்து அவருடையது. நீங்கள் போட முடியாது. படிவம் தமிழில் இருக்க வேண்டும். அன்றே போடச் சொன்னால், வீட்டுக்கு எடுத்துப்போய் படித்துவிட்டு வருகிறேன் என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. போட்ட பிறகு ஒரு பிரதி அவர் கையில் வர வேண்டும்.

இந்தியாவில் 2009 ஜூன் 15 முதல் ஒவ்வொரு மருந்துச் சோதனையையும் சி.டி.ஆர்.ஐ. என்ற தேசியப் பதிவேட்டில் பதிவு செய்வது கட்டாயம். பதிவு எண்ணைக் கேட்டு இணையத்தில் தேடிப் பாருங்கள். எத்தனையாவது கட்டம், எத்தனை பேர், எதோடு ஒப்பிடுகிறார்கள், வெற்றி என்று எதை அளக்கிறார்கள் எல்லாம் அதில் இருக்கும். எண் இல்லை என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

கேட்க வேண்டியதில் முக்கியமானது: வெற்று மாத்திரைக் குழுவில் விழுந்தால் இப்போது சாப்பிடும் மருந்து தொடருமா, நிறுத்துவார்களா? குடல் நோயில் நன்றாக இருக்கும் மருந்தை நிறுத்தினால் சிலருக்கு நோய் முன்பைவிட மோசமாகத் திரும்பும். மறுபடி அதே மருந்து கேட்காமலும் போகலாம். நோய் கிளம்பினால் எந்த நிலையில் சோதனையிலிருந்து விடுவித்து வழக்கமான சிகிச்சைக்கு மாற்றுவார்கள் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். மருந்து ஒத்துப்போனால், சோதனை முடிந்த பிறகு அது தொடர்ந்து கிடைக்குமா என்பதையும் இப்போதே கேளுங்கள். முடிந்த பிறகு கேட்டால் பதில் வராது.

2019ஆம் ஆண்டு விதிகளின்படி சோதனையால் உடலுக்குக் கேடு வந்தால் சிகிச்சை இலவசம், இழப்பீடும் உண்டு. காரணமே சொல்லாமல் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். வழக்கமான சிகிச்சையை அதற்காக மறுக்கக் கூடாது. ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்கு ஏதாவது நடந்தால் ஆய்வு மருத்துவர் 24 மணி நேரத்துக்குள் மேலே தெரிவிக்க வேண்டும். ஆகவே இரவில் வேறு ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தாலும் ஆய்வு மருத்துவருக்கு உடனே போன் செய்யுங்கள். படிவத்தில், சோதனையைக் கண்காணிக்கும் நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண் இருக்கும். அதையும் ஆய்வு மருத்துவரின் எண்ணையும் மகன் போனில் மட்டுமல்ல, உங்கள் போனிலும் பதிந்துகொள்ளுங்கள்.